புறாக்காற்று

ஆனைமலை
12-6-1995

மாப்பிள்ளை தம்பிதுரைக்கு, மாமியார் நாச்சியம்மாள் எழுதுவது.

கவின் வந்து சேர்ந்தான். பஸ்ஸிலேயே இளைப்பு வந்துவிட்டதாம். பொள்ளாச்சியில் இறக்கி, வாயில் அடிக்கிற மருந்தை அடித்த பிறகுதான் பையன் முகத்தில் களை வந்தது என்றாள் மாசாணி. அவனை என் கையில் கொடுத்துவிட்டு ஒரு வாய் காப்பிகூடக் குடிக்காமல் அடுத்த பஸ்ஸுக்கே திரும்பிவிட்டாள். "நூலத் தார் சுத்த ஆளில்லீம்மா. தறி நின்னுபோச்சுன்னா அவரு கத்துவாரு" என்றாள். பெற்ற மகளுக்கு என் வீட்டில் உட்கார நேரமில்லை. இதையும் நான் மறக்கமாட்டேன்.

நேராக உங்களுக்கே எழுதுகிறேனே என்று நினைப்பீர்கள். கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் உங்களோடு முகம் பார்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. கதவுக்குப் பின்னால் நின்று, "மாப்பிள்ளைக்கு இன்னும் கொஞ்சம் ரசம் வேணுமான்னு கேளு கண்ணு" என்று மாசாணியிடம் சொல்லுவேன். நீங்களும் "போதும்னு சொல்லு" என்று அவளிடமே சொல்லுவீர்கள். அது மாமியாருக்கும் மருமகனுக்கும் உள்ள மரியாதை. காகிதத்தில் முகம் தெரியாது, அதனால் எழுதலாம். மூன்றாங்கிளாஸ் படிப்பு. எழுத்தைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம்.

சித்திரை நோன்பன்று அத்தனை சொந்தபந்தத்துக்கு முன்னால் நீங்கள் என்ன சொன்னீர்கள்? "இளைப்பு அவங்க ஊட்டு வித்து. மாமனாருக்கு இருந்துது, இப்ப பேரனுக்கு வந்திருக்குது." நான் என்ன சொன்னேன்? பையன் தறிப் பஞ்சைத் தின்று சாகிறான், தறி அந்த வீட்டோடு ஒட்டிக்கொண்டு இருக்கும்வரை உங்கள் வாசப்படி மிதிக்கமாட்டேன் என்றேன். இரண்டு பேரும் சொன்னது சொன்னதுதான்.

கோயமுத்தூரில் வெங்கடபதி டாக்டர் ஆராய்ச்சி செய்கிறாரே, தறி ஓடும் வீட்டுக் குழந்தைகளுக்கும் தோட்டங்காட்டுக் குழந்தைகளுக்கும் இளைப்பு எதனால் வருகிறது என்று, அவர் இந்தக் கேள்வியைத் தீர்க்கட்டும். தறியை விட்டு மூன்று நான்கு மாதம் தள்ளி வைத்துப் பாருங்கள் என்று அவர்தான் சொன்னார். மூச்சின் பலம் பார்க்க ஊதுகிற குழாயும் வந்திருக்கிறது. காலையும் மாலையும் ஊதச் சொல்லி, முள் எந்த எண்ணில் நிற்கிறது என்று குறித்து வைக்கிறேன்.

போன வருஷம் நான் கொடுத்தனுப்பிய புறா ஜோடியை அவன் படுக்கைக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தீர்களே, அதற்கு மட்டும் நன்றி. இளைப்புக்காரனுக்குப் புறாச் சிறகின் காற்று படவேண்டும். இங்கே என் வீட்டுக்காரர், அவன் அப்புச்சி, காலத்துப் புறாக்கள் கூரை நிறைய இருக்கின்றன. அந்த அறையிலேயே அவனைப் படுக்க வைத்திருக்கிறேன்.

நாச்சியம்மாள்


சூலூர்
20-6-1995

அத்தைக்கு, தம்பிதுரை.

உங்கள் கடிதம் கிடைத்தது. மாசாணி படித்துவிட்டு அழுதாள். பிறகு தார் சுற்றப் போய்விட்டாள்.

நான் கத்துவேன் என்று எழுதியிருக்கிறீர்கள். தறி ஓடும்போது கத்தாமல் பேசினால் யாருக்குமே கேட்காது. சாப்பிட வா என்பதையும் கத்தித்தான் சொல்கிறேன்.

தறியை நிறுத்து என்று சொல்வது சுலபம். பாவு நூல் கொடுக்கிறவர் குறித்த நாளில் துணி கேட்பார். கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று தெரியாது. வருகிற நேரத்தில் ஓட்டியே ஆகவேண்டும். சுவருக்கு இந்தப் பக்கம் தறி, அந்தப் பக்கம் அடுப்பு. அப்பா காலத்தில் அப்படிக் கட்டியது. இரண்டாகப் பிளக்க என்னிடம் இடமும் இல்லை, வழியும் இல்லை.

பையனுக்காக ஒன்றுமே செய்யாதவன் மாதிரி எழுதியிருக்கிறீர்கள். கடைசி அறையை அவனுக்கென்று ஒதுக்கி, ஜன்னலுக்கெல்லாம் பிளாஸ்டிக் காகிதம் ஒட்டி, கதவு இடுக்கில் துணி செருகி, ஒரு இழை பஞ்சு உள்ளே போகாமல் செய்து வைத்திருந்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அந்த அறைக்குள் போய்விடுவான். விளையாட வெளியே விட்டதில்லை. உங்கள் புறாக் கூண்டையும் உள்ளேயே வைத்தேன், காற்று வீணாகக் கூடாது என்று. அவ்வளவு செய்தும் அந்த அறையில்தான் அதிகமாக இளைத்தான். அப்படியென்றால் ரத்தத்தில் இருக்கிறது என்றுதானே நினைக்கத் தோன்றும்? டாக்டரும் வழிவழியாக வரலாம் என்றுதான் சொன்னார்.

கோபத்தில் சொன்னேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் நோன்புச் சோறு போட்டுவிட்டு காலமான என் அப்பாவைப் பற்றி "பஞ்சு வித்துப் பங்களா கட்டினவரு" என்று சொன்னது யார்? எனக்கும் ஞாபகம் இருக்கிறது.

முள் எவ்வளவில் நிற்கிறது, எழுதுங்கள்.

தம்பிதுரை


ஆனைமலை
9-7-1995

மாப்பிள்ளைக்கு.

உங்கள் அப்பாவைச் சொன்னேன். அது வேறு கதை. பெண் பார்க்க வந்த அன்று எங்கள் வீட்டுத் தயிரை முகர்ந்து பார்த்து ஓரமாகத் தள்ளி வைத்தவர் அவர். அதற்குப் பதில் சொல்ல எனக்குப் பத்து வருஷம் ஆயிற்று, அவ்வளவுதான்.

முள்ளைப் பற்றிக் கேட்டீர்கள். நூற்றி நாற்பது. நேற்று நூற்றி இருபது. அவன் வயதுக்கும் உயரத்துக்கும் இருநூறுக்கு மேலே நிற்கவேண்டும் என்று டாக்டர் சொன்னது நினைவிருக்கிறது. அவசரப்பட வேண்டாம். எட்டு வருஷம் தின்ற பஞ்சு ஒரே மாதத்தில் நெஞ்சை விட்டு இறங்குமா? போகப் போகச் சரியாகும்.

ஆடாதோடைக் கஷாயம் கொடுக்கிறேன். நொச்சி போட்டு ஆவி பிடிக்க வைக்கிறேன். பனிக்காற்று ஆகாது என்று ஜன்னலைச் சாத்தி வைக்கிறேன். புறாக்கள் தலைமாட்டிலேயே உட்காருகின்றன, காற்றுக்குக் குறைவில்லை. விடியற்காலையில் மட்டும் நெஞ்சு விசில் அடிக்கிறது. எழுந்து உட்கார்ந்து, இரண்டு கையையும் கட்டிலில் ஊன்றிக்கொண்டு மூச்சு வாங்குகிறான். அவன் அப்புச்சியும் அதே கட்டிலில் அப்படித்தான் கையை ஊன்றிக்கொண்டு உட்காருவார்.

"அமுச்சி, கதவத் தொறந்து உடு, வெளிய படுத்துக்கறேன்" என்கிறான். "வேண்டாஞ் சாமி, பனி புடிச்சுக்கும்" என்றேன். "அங்கயும் பூட்டி வெக்கறாங்க, இங்கயும் பூட்டி வெக்கறீங்க" என்று திரும்பிப் படுத்துக்கொண்டான். உங்கள் வாய் அப்படியே வந்திருக்கிறது.

தறியை எடுக்கும்வரை பையனைத் திருப்பி அனுப்பமாட்டேன். இதை டாக்டரிடமும் சொல்லுவேன்.

நாச்சியம்மாள்


சூலூர்
24-7-1995

அத்தைக்கு.

தறியை விட்டு இவ்வளவு தூரம் தள்ளி வைத்தும் நூற்றி இருபது என்றால் தறியின் மேல் எப்படிப் பழி சொல்வீர்கள்? இதைக் கேட்டால் கோபித்துக்கொள்வீர்கள். கேட்காமல் இருக்க முடியவில்லை.

டாக்டரின் ஆராய்ச்சியில் வேலை செய்கிற பெண் போன வாரம் வந்தாள். ஷைமா என்று பெயர், கோட்டைமேட்டுப் பெண். ஒவ்வொரு வீடாகப் போய் என்ன இருக்கிறது, ஏது இருக்கிறது என்று கேட்டு எழுதுகிறாள். தறி ஓடிக்கொண்டிருந்தது. அவள் கேட்பது எனக்குக் கேட்கவில்லை, நான் சொல்வது அவளுக்குக் கேட்கவில்லை.

"ஊட்டுல பீடி, சிகரெட் புடிக்கறவங்க இருக்காங்களா?"

"இல்லீங்க."

"நாய், பூனை, கோழி, ஏதாச்சும் வளக்கறீங்களா?"

"தறிய மேய்க்கவே நேரம் பத்தறதில்லீங்க. இதுல நாய எங்க மேய்க்கறது?"

சிரித்தாள். மெத்தை எவ்வளவு பழசு, எந்த அடுப்பு, சுவரில் ஈரம் இருக்கிறதா என்றெல்லாம் கேட்டாள். குடிக்கிற மருந்து, பூசுகிற மருந்து எல்லாவற்றையும் மாசாணி ஒப்பித்தாள். பையன் அறையைப் பார்க்கவேண்டும் என்றாள் ஷைமா. "தொறந்தா பஞ்சு பூந்துக்குமுங்க. பையனே இல்லாத ரூம்புல என்னத்தப் பாக்கப் போறீங்க?" என்று சொல்லிவிட்டேன். அடுத்து ஆனைமலைக்கு வருவாள். மரியாதையாகப் பேசுங்கள்.

மாசாணி சரியாகச் சாப்பிடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை அவள் புறப்பட நினைத்தாள். தார் சுற்ற ஆள் வரவில்லை. அவள் போனால் தறி நிற்கும், நின்றால் பாவு கைமாறிப் போகும். வாசல்வரை பையோடு வந்துவிட்டுப் பையை உள்ளே வைத்துவிட்டாள். நான் போகாதே என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்ல முடியவில்லை.

தம்பிதுரை


ஆனைமலை
13-8-1995

மாப்பிள்ளைக்கு.

கவின் இப்போது நன்றாக ஊதுகிறான். நேற்றுச் சாயங்காலம் இருநூறைத் தொட்டான். விடியற்காலை விசில் சத்தம் குறைந்திருக்கிறது. மாசாணியிடம் சொல்லுங்கள், வயிறாரச் சாப்பிடட்டும்.

அந்த ஷைமா பெண் வந்து போனாள். டாக்டர் கூப்பிட்டு அனுப்பினார் என்று பையனைக் கோயமுத்தூருக்கும் கூட்டிப்போய் வந்தேன். கையில் ஏதோ ஊசி குத்திப் பார்த்தார்கள். அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

இன்னொரு சங்கதி. நான் கொடுத்தனுப்பிய புறாக்களை உங்கள் தெருக்கோடி ரசாக்கிடம் கொடுத்துவிடுங்கள். குஞ்சு, முட்டை, கூண்டு எல்லாவற்றையும். ஏன் என்று கேட்க வேண்டாம். கொடுத்தவள் நான், வேண்டாம் என்று சொல்கிறவளும் நான்.

நாச்சியம்மாள்


சூலூர்
19-8-1995

அத்தைக்கு.

இருநூறு என்று படித்ததும் தறிக்குடோனில் எல்லாத் தறியையும் நிறுத்திவிட்டேன். தறிக்காரர்கள் என்னவோ ஏதோ என்று ஓடி வந்தார்கள். மாசாணி அன்றைக்கு இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டாள்.

அத்தை, நீங்கள் சொன்னதுதான் சரி. தறிதான். இதை எழுத எனக்குக் கை வரவில்லை, இரண்டு நாள் யோசித்தேன். ரத்தம், வித்து என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். தப்பு. தறியை விட்டுத் தள்ளிப் போன பிறகு பையன் மூச்சு விடுகிறான் என்றால் இனி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

சோமனூர் லட்சுமிநாராயணன் தறிகளை மொத்தமாக எடுத்துக்கொள்கிறேன் என்றார். வாக்குக் கொடுத்துவிட்டேன். பிள்ளையார் சதுர்த்திக்கு மறுநாள், புதன்கிழமை காலையில் லாரி வருகிறது. நான் வேறு ஒருவர் தறிக்குடோனில் மேஸ்திரி வேலைக்குப் போகிறேன். அப்பா இருந்தால் பேசமாட்டார். இல்லாததே நல்லது.

புதன்கிழமை இரவே வந்து கவினைக் கூட்டிக்கொள்கிறேன். பள்ளிக்கூடம் ரொம்ப நாள் போய்விட்டது. அறையைக் கழுவி வைத்திருக்கிறோம். காகிதத்தை எடுக்கவில்லை, ஊரெல்லாம் தறி ஓடுகிறதே. புறாக்களை மட்டும் கொடுக்க மனம் வரவில்லை. உங்கள் வீட்டிலிருந்து வந்ததில் சண்டை போடாமல் இருந்தது அவைதான். இப்போது நான்கு ஜோடி ஆகிவிட்டன. கூண்டைப் பெரிதாக்கி அவன் கட்டிலோடு சேர்த்துக் கட்டியிருக்கிறேன். அவன் வந்து பார்த்தால் சந்தோஷப்படுவான்.

தம்பிதுரை


ஆனைமலை
29-8-1995

மாப்பிள்ளைக்கு.

உங்கள் கடிதம் வந்து ஒரு வாரம் ஆகிறது. நீங்கள் சொன்னதுதான் சரி என்று எழுதியிருந்தீர்களே, அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பத்து வருஷமாக உங்கள் வாயிலிருந்து கேட்கவேண்டும் என்று நினைத்தது. மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு பக்கத்து வீட்டுச் சாமியாத்தாளிடம் போய்ப் படித்தும் காட்டினேன். திரும்பி வந்து படுத்தேன், தூக்கம் வரவில்லை. நீங்கள் சொன்னது சரியில்லை. தறி இல்லை.

அந்தப் பெண் இங்கே வந்தபோது உங்களிடம் கேட்டதையே என்னிடமும் கேட்டாள்.

"பாட்டி, ஏதாச்சும் வளக்கறீங்களா?"

"எருமை ஒண்ணு கெடக்குது அம்மணி, தோட்டத்துல."

எழுதிக்கொண்டாள். பிறகு பையன் படுக்கிற அறைக்குப் போனாள். போனவள் நின்றுவிட்டாள்.

"இதென்னங்க பாட்டி, இத்தன புறா?"

"மருந்து."

"எருமை ஒண்ணுதான்னு சொன்னீங்க?"

"ஏஞ்சாமி, மருந்த யாராச்சும் வளக்கறதுன்னு சொல்லுவாங்களா? கஷாயத்தையும் வளக்கறேன்னு எழுதிக்குவியா?"

அவள் சிரிக்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்து போர்வையைத் தொட்டுப் பார்த்தாள். விரலில் மாவு மாதிரி வெள்ளையாக ஒட்டியது. "எங்க ஊட்டுலயும் பெரியத்தாவுக்குக் கைகால் உளுந்தப்ப புறா கொண்டாந்து வெச்சாங்க பாட்டி. நானும் அது காத்துன்னுதான் நெனச்சேன்" என்றாள். அப்புறம், "சூலூர்லயும் இருக்குதுங்களா?" என்று கேட்டாள். "நாந்தான் கொடுத்துட்டேன்" என்றேன்.

கோயமுத்தூரில் பையன் முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை பேனாவால் கோடு போட்டு, ஒவ்வொரு கோட்டிலும் ஒரு சொட்டு வைத்து, ஊசி முனையால் குத்தினார்கள். எது பஞ்சுத் தூசி என்று ஷைமாவிடம் கேட்டு வைத்துக்கொண்டேன். அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வீங்கு, வீங்கு என்று மாசாணியம்மனை வேண்டிக்கொண்டேன். சொந்தப் பேரன் கையைப் பார்த்து அப்படி வேண்டினேன். அது வீங்கவில்லை. அதற்கு இரண்டு கோடு தள்ளி ஒரு இடம் சுண்டைக்காய் அளவுக்குப் புடைத்துக்கொண்டு, சுற்றிலும் சிவந்து, பையன் சொரிகிறான். "அதென்ன சொட்டு?" என்றேன். "புறா இறகு" என்றாள்.

டாக்டர் நல்ல மாதிரியாகத்தான் சொன்னார். பஞ்சுத் தூசி யாருக்குமே நல்லதில்லை, ஆனால் இவனுக்கு இளைப்பைக் கிளப்புகிறது புறா இறகும் எச்சமும்தான், அது பறக்கிற அறையைச் சாத்தி வைத்தால் இன்னும் மோசம் என்றார். இளைப்புச் சுபாவம் ரத்தத்தில் வரலாம், வந்ததைக் கிளப்பி விடுவது வேறு என்றார். "இவன் அப்புச்சிக்கும் இதுதானுங்களா?" என்று கேட்டேன். அவர் மேஜையைப் பார்த்தார். அந்தப் பெண் என் தோளில் கை வைத்தாள். கையை எடுக்கச் சொன்னேன்.

உங்களுக்குக் கடிதம் போடுகிறேன் என்றார் டாக்டர். "நானே எழுதிக்கறேன்" என்று தடுத்துவிட்டேன். எழுதவில்லை. வீட்டுக்கு வந்து பையனைச் சாமியாத்தாள் வீட்டில் படுக்க வைத்தேன். நான்காம் நாள் முள் மேலே ஏறியது. அந்த இருநூறைத்தான் உங்களுக்கு எழுதினேன். எங்கே படுத்தான் என்று எழுதவில்லை.

புறாவைக் கொடுத்துவிட்டால் போதும், பையன் பிழைத்துக்கொள்வான், காரணம் யாருக்கும் தெரிய வேண்டாம் என்று நினைத்தேன். நீங்கள் தறியை விற்பீர்கள் என்று நினைக்கவில்லை. நீங்கள் எப்போது நான் சொன்னதைக் கேட்டீர்கள்?

இன்று சதுர்த்தி, தபால் எடுக்கமாட்டார்கள். நாளை போட்டாலும் லாரிக்கு முன்னால் வந்து சேராது. அதனால் விடியற்காலை முதல் பஸ்ஸில் இதை நானே கொண்டுவருகிறேன். பையன் இங்கே சாமியாத்தாளோடு இருப்பான், புறாவை எடுக்கும்வரை அவனைக் கூட்டிவரமாட்டேன். உங்கள் வாசப்படி ஏறமாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன், தெருவில்தான் நிற்பேன். வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

நாச்சியம்மாள்


சூலூர்
10-9-1995

அத்தைக்கு.

அன்றைக்கு உங்களை அனுப்பிய பிறகு இப்போதுதான் உட்கார்ந்து எழுத முடிகிறது. வேலை ராத்திரி ஷிப்ட்.

லாரி டிரைவர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் "உங்க மாமியாரு எப்படியிருக்காங்க?" என்று கேட்கிறான். கேட்கமாட்டானா? லாரிக்கு முன்னால் நின்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "மாப்பிள்ளே! எறக்கச் சொல்லுங்க! தறி பண்ணுல, நாந்தான் பண்ணிப்போட்டேன்!" என்று கத்தினீர்கள். பத்து வருஷத்தில் என்னிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அதுதான். தறி சத்தம் இல்லாததால் தெரு முழுக்கக் கேட்டது. மாசாணி கையில் இருந்த தாரைக் கீழே போட்டுவிட்டாள்.

கடிதத்தைத் தெருவிலேயே நின்று படித்தேன். லட்சுமிநாராயணனிடம் கேட்டும் பார்த்தேன். "வாக்குக் குடுத்துப்போட்டு, லாரியில ஏத்துனதுக்கப்புறம் மாமியா சொன்னாங்கன்னு எறக்கறதுங்களா?" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. கொடுத்த வாக்கு என்னுடையது. தறி போய்விட்டது.

பதின்மூன்றாம் தேதிக் கடிதத்தில் ஒரே ஒரு வரி சேர்த்து எழுதியிருக்கலாம் நீங்கள். இதை ஒரு தடவை சொல்லிவிட்டேன், இனிச் சொல்லமாட்டேன்.

புறாக்களை ரசாக் எடுத்துக்கொண்டார். திறந்துவிட்டால் இங்கேயே திரும்பி வரும் என்று பூட்டியே வைத்திருக்கிறார். ஜன்னல் காகிதத்தைக் கிழித்துவிட்டு, அறையைச் சுண்ணாம்பு அடித்து, புதுப் பாய் போட்டு, அதற்குப் பிறகுதான் பையனைக் கூட்டிவந்தேன். இருநூற்றி முப்பது ஊதுகிறான். தெருவில் ஓடுகிறான். நான் வேலை முடிந்து வந்தால் வெளியிலேயே குளித்துவிட்டுத்தான் அவனைத் தொடுகிறேன். வீடு சத்தமில்லாமல் இருக்கிறது. மாசாணிக்கு இன்னும் பழகவில்லை, சும்மா பேசுவதையும் கத்திப் பேசுகிறாள். தார் சுற்றுகிற நேரம் வந்தால் எழுந்து குடோன்வரை போய்விட்டுத் திரும்பி வருகிறாள்.

டாக்டர் ஒன்று சொன்னார். உங்கள் வீட்டுக்குக் கவினை அனுப்பக் கூடாது. புறாவை விரட்டினாலும் கூரையிலும் ஓட்டு இடுக்கிலும் பல வருஷத்து எச்சம் இருக்கிறது, அது சுலபத்தில் போகாது என்றார். நீங்கள் இங்கே வருவதற்குத் தடை இல்லை. தறிதான் இல்லையே, இனி வாசப்படி ஏறலாம். மாசாணி அதைக் கேட்டு எழுதச் சொன்னாள்.

தம்பிதுரை


ஆனைமலை
3-12-1995

மாப்பிள்ளைக்கு.

தறி இருக்கும்வரை வரமாட்டேன் என்று சொன்னேன். என்னால் தறி போன வீட்டுக்கு எப்படி வருவேன்? காலியான குடோனைத் தாண்டித்தானே வாசப்படி ஏறவேண்டும்? மாசாணியிடம் இதைச் சொல்லுங்கள். கோபம் என்று நினைத்துக்கொள்ளட்டும். கோபமும் இருக்கிறது.

மூன்று மாதம் இந்தப் புறாக்களோடு மல்லுக்கட்டினேன். தாராபுரம் வியாபாரி ஒருவன் கூடையில் அடைத்துக்கொண்டு போனான். பாதி திரும்பி வந்துவிட்டன. கூரையில் ஆள் ஏற்றி ஓட்டைப் பிரித்துக் கழுவினேன். கழுவின இடத்திலேயே வந்து உட்காருகின்றன. ஜன்னலைச் சாத்தினால் உள்ளே மாட்டிக்கொண்டு அடித்துக்கொள்கின்றன, திறந்தால் இன்னும் நான்கு வருகின்றன. "என்னுங் நாச்சியக்கா, புறா உங்களத் தொரத்துதா, நீங்க புறாவத் தொரத்தறீங்களா?" என்று சாமியாத்தாள் கேட்கிறாள். அவளுக்கு இதெல்லாம் சிரிப்பு. அவரும் நானும் வளர்த்த புறாவைக் கழுத்தைத் திருக எனக்குக் கை வரவில்லை.

போன வெள்ளிக்கிழமை வீட்டை அவற்றுக்கே விட்டுவிட்டு வந்துவிட்டேன். தோட்டத்துச் சாளைக் குடிசையில் இருக்கிறேன். எருமையைச் சாமியாத்தாள் கட்டுத்தரைக்கு மாற்றிவிட்டு, தரையைச் சாணி போட்டு மெழுகி, மேலே புதுக் கீற்று வேய்ந்திருக்கிறேன். துணியில் ஒட்டி வரும் என்று அந்த ஷைமா பெண் சொன்னாள். அதனால் பழைய சேலை, போர்வை, தலையணை எதையும் கொண்டுவரவில்லை. அவர் படுத்த கட்டிலையும் அங்கேயே விட்டுவிட்டேன். புதுசாக ஒரு கயிற்றுக் கட்டில், இரண்டு சேலை, ஒரு சட்டி, ஒரு குண்டா. பூட்டுச் சாவியைச் சாமியாத்தாளிடம் கொடுத்துவிட்டேன், நானே திரும்பிப் போய்விடக் கூடாது என்று.

ஷைமாவை வரச்சொல்லிக் கடிதம் போட்டேன். நேற்று வந்து மூலை மூலையாகப் பார்த்தாள். "ஏதாச்சும் வளக்கறீங்களா பாட்டி?" என்று கேட்டுவிட்டு அவளே சிரித்தாள். இங்கே கவின் படுக்கலாம் என்று சொல்லிவிட்டாள். சந்தேகமிருந்தால் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஐம்பது வருஷம் வாழ்ந்த வீடு வரப்பில் நின்றால் தெரிகிறது. சாயங்காலமானால் புறாக்கள் எல்லாம் வந்து கூரையில் அடைகின்றன. நான் இந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்கிறேன்.

அரைப் பரீட்சை லீவுக்குப் பையனை அனுப்புங்கள். மாசாணிக்குத் தார் சுற்றுகிற வேலை இல்லை, அவளும் வந்து நான்கு நாள் உட்காரட்டும். நீங்களே கொண்டுவந்து விடவேண்டும். இங்கே பின்னால் நின்று பேச உள்கதவு இல்லை, ஒரே அறை. நீங்கள் சாப்பிடும்போது எதிரில்தான் நிற்பேன், ரசம் வேண்டுமா என்று உங்களையேதான் கேட்பேன். சாளை வாசல் தாழ்வு. தலையைக் குனிந்துதான் உள்ளே வரவேண்டும். நானும் அப்படித்தான் வந்தேன்.

நாச்சியம்மாள்